ஆர்லிஸ் புரூனரின் மூன்றாம் ஓட்டம்

1953 ஜூலை நான்காம் தேதி, சனிக்கிழமை, பொழுது சாயும் நேரத்தில் ஆர்லிஸ் புரூனர் ஒரு கன்றின் கழுத்துக்குக் குறிவைத்து வீசிய சுருக்குக் கயிறு நாற்பத்தைந்து வருடம் கீழே இறங்கவில்லை. ஓக்லஹோமாவில், டாலிவர் ஊரில், ரோடியோ என்ற மாட்டு வீர விளையாட்டு நடக்கும் மைதானத்தில், தரையிலிருந்து ஒன்பது அடி உயரத்தில், வண்டிச் சக்கரம் அகலத்துக்கு வாயைத் திறந்து, இடது பக்கம் லேசாகச் சாய்ந்து அது நின்றது. மழை பெய்தால் தண்ணீர் வளையத்தைச் சுற்றி ஓடி, தாழ்ந்த பக்கத்தில் சொட்டும். ஏப்ரலில் தெற்கிலிருந்து திரும்பும் கத்திரிவால் குருவிகள் அதன்மேல் வட்டமாக உட்கார்ந்து வாலை உதறிக்கொள்ளும். முதல் இரண்டு வருடம் துல்சாவிலிருந்தெல்லாம் கார் எடுத்துக்கொண்டு வந்து பார்த்து மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். பிறகு எல்லாருக்கும் பழகிவிட்டது. வெளியூர்க்காரர் யாராவது அது என்ன என்று கேட்டால், ஊர்க்காரர்கள் "அது ஆர்லிஸோட கயிறு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கோதுமை விலையைப் பேசத் தொடங்குவார்கள்.

ஆர்லிஸுக்கு அப்போது இருபத்தேழு வயது. ஓடைக்கு அந்தப் பக்கம், கறுப்பின மக்கள் குடியிருந்த சாங்கோவில் வீடு. குதிரைகளுக்கு லாடம் அடிப்பது தொழில். கன்றுக்குக் கயிறு வீசுவதில் அந்த மாவட்டத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது ஓடையின் இரண்டு கரைக்கும் தெரியும், ஒரு கரையில் மட்டும் அதை வாய்விட்டுச் சொல்வார்கள். டாலிவர் ரோடியோவில் கறுப்பினத்தவர் கலந்துகொள்ளக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. பெயர் கொடுக்கலாம். அதே கன்றுகள், அதே மைதானம், அதே விதிகள்தான். ஒரே ஒரு ஏற்பாடு மட்டும் இருந்தது: கூட்டம் கலைந்த பிறகுதான் அவர்கள் முறை வரும். கடைசி வெள்ளைக்கார வீரன் முடித்ததும் அறிவிப்பாளர் மைக்கில், "நிகழ்ச்சி முடிஞ்சுது. எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போங்க" என்பார். கேலரி காலியாகும். கார்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நெடுஞ்சாலை ஏறும். அதன் பிறகு, காகிதத் தட்டுகளும் சோளக் கதிர் சக்கைகளும் கிடக்கும் பெஞ்சுகளுக்கு முன்னால், சாங்கோ ஆட்கள் குதிரைகளை உள்ளே கொண்டுவருவார்கள். அவர்கள் எடுத்த நேரம் மற்றவர்களுடையதோடு ஒரே தாளில்தான் ஏறும். அதில் மட்டும் யாரும் ஏமாற்றியதில்லை.

ஏமாற்றாததற்குக் காரணம் ஹோமர் நான்ஸ். அவர்தான் கொடிக்காரர். வேலி திறந்து கன்று பாய்ந்ததும் அவர் குதிரைமேல் இருந்தபடி வலது கையில் கொடியைத் தூக்குவார். வீரன் குதிரையை விரட்டி, கன்றின் கழுத்தில் சுருக்கை மாட்டி, குதித்து இறங்கி, ஓடி, கன்றைப் புரட்டிப் போட்டு, பல்லில் கவ்வியிருக்கும் சிறு கயிற்றால் மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டி, இரண்டு கையையும் மேலே தூக்குவான். அப்போது கொடி இறங்கும், கடிகாரம் நிற்கும். சாங்கோ ஆட்களுக்கு நேரம் பார்க்க வேறு யாரும் காத்திருக்காததால், கடிகாரத்தையும் ஹோமரே இடது கையில் வைத்துக்கொள்வார். நாணயமானவர். ஆனால் 1949இல் அந்தக் "கூட்டம் போன பிறகு" ஏற்பாட்டுக்குக் கமிட்டியில் ஓட்டெடுப்பு நடந்தபோது, ஆமாம் என்று கை தூக்கிய ஏழு பேரில் அவரும் ஒருவர்.

மூன்று நாள் ரோடியோ. ஒருவருக்கு மூன்று ஓட்டம். மூன்றின் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவர் சாம்பியன். பெல்ட்டில் மாட்டிக்கொள்ள வெள்ளி பக்கிள் ஒன்று கொடுத்து, மைதான வாசலில் இருக்கும் பலகையில் பெயர் எழுதுவார்கள். அந்த வருடம் மூன்று ஓட்டங்களையும் முடித்து முன்னணியில் இருந்தவர் ஒரு பண்ணைக்காரரின் மகன் பாய்ட் மாடக்ஸ். ஆர்லிஸ் முதல் இரண்டு ஓட்டங்களில் அவரை மிஞ்சியிருந்தார். மூன்றாவதை இருபது வினாடிக்குள் முடித்தால் பட்டம் ஆர்லிஸுக்கு. தூக்கத்தில் எழுப்பி விட்டாலும் அவர் பன்னிரண்டு வினாடியில் முடிப்பார்.

வேலி திறந்தது. பதினேழாம் எண் கன்று, சிவப்பு உடம்பும் வெள்ளை முகமும், நேராகப் பாய்ந்தது. ஆர்லிஸின் குதிரை டீக்கன் நாலே எட்டில் அதை எட்டியது. வேலியோரம் அவர் மனைவி லோவீனியா பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஆர்லிஸ் கயிற்றை மூன்று சுற்று சுற்றி வீசினார். கை நல்ல கை. வீச்சு நல்ல வீச்சு. ஆனால் விரல்களை விட்டுக் கயிறு போகும் அந்தக் கணத்தில் கண் ஒரு நொடி கேலரிப் பக்கம் போயிற்று. வெறும் பெஞ்சுகள். அதற்கப்பால் நெடுஞ்சாலையில் கடைசிக் காரின் புழுதி. 'யாருக்காக?' என்று மனசுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அவ்வளவுதான். கயிறு நடுவழியில் நின்றது. டீக்கன் பழக்கத்தில் முன்னங்காலை ஊன்றி நின்றது. கன்றும் வளையத்துக்கு நேர் கீழே நின்று, திரும்பிப் பார்த்து, அசைபோடத் தொடங்கியது.

கன்றை அவிழ்த்துவிட்ட ஆளையும் சேர்த்து நால்வரும், இரண்டு குதிரைகளும் ஒரு கன்றுமாக, நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"விழலையே," என்றார் ஹோமர்.

"விழலை, மிஸ்டர் நான்ஸ்."

"இன்னொரு கயிறு வச்சிருக்கியா? விதிப்படி ரெண்டு தடவை வீசலாம்."

"மொதல் வீச்சு தப்பினாத்தானே ரெண்டாவது?" என்றார் ஆர்லிஸ். "இது இன்னும் தப்பலையே."

ஹோமர் யோசித்தார். கயிறு கன்றின் மேல் விழவில்லை, சரி; மண்ணிலும் விழவில்லை. ஓட்டம் முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வது? அதனால் கொடியை இறக்கவில்லை. முதல் அரை மணி நேரம் அவர் கையை இறக்கவில்லை. அதன் பிறகு கை இறங்கவில்லை. இடது கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். முள் மூன்றரை வினாடியில் நின்று, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல், டிக் டிக் என்று இருந்த இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தது. இருட்டு விழத் தொடங்கியதும் ஆர்லிஸ் சேணத்தின் கொம்பில் கட்டியிருந்த கயிற்று நுனியை அவிழ்த்து, யார் கழுத்திலும் மாட்டிவிடக் கூடாதே என்று வேலிக் கம்பத்தில் சுருட்டி வைத்தார். "இந்தா, இதையாவது தின்னு" என்று லோவீனியா பீச் பலகாரத்தை நீட்டினாள். அவர் வாங்கி, பாதியைப் பிய்த்து ஹோமருக்குக் கொடுத்தார். ஹோமர் அதை இடது கையால் சாப்பிட்டார். அன்று தொடங்கிய பழக்கம்.

மறுநாள் காலை சர்ச் முடிந்த கையோடு பாய்ட் மாடக்ஸ் பக்கிளை வாங்கிக்கொள்ள வந்தார். கறுப்பன் வீசிய கயிறு தப்பிவிட்டது, தாளில் அப்படி எழுதிவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்றார். "தப்பின கயிறு தரையில கெடக்கணும் தம்பி. எங்க கெடக்குன்னு காட்டு" என்றார் ஹோமர். பாய்ட் வைக்கோல் பரண் ஏணியைக் கொண்டுவரச் செய்து ஏறினார். வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பிறகு ஏணியை உதைத்துவிட்டு முழு எடையோடு அதில் தொங்கினார். அது துளிகூட அசையவில்லை. அவருடைய தொப்பிதான் விழுந்தது. அதைக் கன்று மோந்து பார்த்து மிதித்தது. வெயில் கண்ணில் அடித்ததால் பிடி சரியாகக் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னதை ஊர் பதினோரு வருடம் சொல்லிச் சிரித்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். பக்கிளைக் கமிட்டி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியது. பலகையில் 1953 என்ற எண்ணுக்கு எதிரே கன்றுப் பிரிவில் ஒன்றும் எழுதவில்லை.

வருடங்கள் போயின. கன்றுகளின் சொந்தக்காரர் பதினேழாம் எண்ணை நான்கு முறை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு முறையும் மறுநாள் காலை அது வளையத்துக்குக் கீழே நின்றது. கைகழுவிவிட்டார். அது வளரவில்லை, கொம்பு முளைக்கவில்லை, பால் மணம் போகவில்லை. ரோடியோ நாட்களில் காளைகள்கூட அதைச் சுற்றிக்கொண்டு ஓடின. டீக்கனின் பல்லைக் கால்நடை மருத்துவர் 1953இல் பார்த்து ஒன்பது வயது என்றார். 1960இல் பார்த்து ஒன்பது என்றார். அவருக்குப் பின் வந்த மருத்துவரும் அதற்குப் பின் வந்த பெண் மருத்துவரும் ஒன்பது என்றே எழுதினார்கள். மூப்பு மனிதர்களுக்கு மட்டும் வந்தது. ஆர்லிஸுக்குக் காது மடலோரம் நரைத்தது. ஒரு கோவேறு கழுதை உதைத்ததில் இடது முழங்கால் பழுதானது.

ஹோமரின் நிலைமைதான் சிரிப்பும் பாவமுமாக இருந்தது. மனைவி அவருடைய சட்டைகளையெல்லாம் வலது தோளில் பிரித்துப் பித்தான் வைத்துத் தைத்தாள். கையில் கொடி வேறு. தூங்கும்போதும் அது கட்டில் தலைமாட்டுக்கு மேலே நிற்கும். ஊர்க் கூட்டங்களில் தலைவர் மறந்துபோய், "சொல்லுங்க ஹோமர்" என்பார். சர்ச்சில் எந்தத் தீர்மானத்துக்கும் ஒரு ஓட்டு கூடுதலாக விழும். மாட்டு ஏலத்தில் வேடிக்கை பார்க்கப் போன ஒரே நாளில் பதினான்கு கிடாரிகளுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். அதன் பிறகு ஏலக் கொட்டகைக்கு வெளியே பிக்கப் வண்டியில் உட்கார்ந்துகொள்வதே வழக்கம். கடிகாரத்துக்கு மட்டும் தினமும் காலையில் தவறாமல் சாவி கொடுத்தார்.

அவருடைய குதிரைக்கும் ஆர்லிஸ்தான் லாடம். மூன்றாம் வருடம் போல "மிஸ்டர் நான்ஸ்" எப்படியோ உதிர்ந்து வெறும் ஹோமர் ஆகியிருந்தது. ஒரு கோடையில் ஆர்லிஸ் குதிரைக் குளம்பை மடியில் வைத்துச் சீவிக்கொண்டிருந்தபோது ஹோமர் சொன்னார்.

"அந்த ஏற்பாட்டுக்கு நானும் கை தூக்கினேன் ஆர்லிஸ். கூட்டம் போன பின்னாடின்னு வச்சாங்களே, அதுக்கு."

"தெரியும்."

"தெரியுமா? ஒண்ணும் கேக்கலையே நீ."

"எந்தக் கையத் தூக்கினே?"

ஹோமர் மேலே பார்த்தார். "இதே கைதான்."

ஆர்லிஸ் குளம்பை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். குதிரை மிரண்டு விலகுகிற அளவுக்குச் சிரித்தார். ஹோமருக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு அவரும் சிரித்தார். அன்று லாடத்துக்கு ஆர்லிஸ் காசு வாங்கவில்லை.

1966இல் அந்த ஏற்பாடு போயிற்று. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் அறிவிக்கவும் இல்லை. ஒரு வருடம் சாங்கோ ஆட்களின் பெயர்கள் பகல் பட்டியலில் கலந்து வந்தன. அவ்வளவே. அடுத்த இருபது வருடத்தில் சாங்கோவிலிருந்து மூன்று பேர் பலகையில் ஏறினார்கள். மூவரின் குதிரைகளுக்கும் ஆர்லிஸ் லாடம் அடித்தார். நீங்களும் பெயர் கொடுங்கள் என்று அவர்கள் கெஞ்சாத வருடம் இல்லை. "நான் இன்னும் ஓட்டத்துல இருக்கேன்பா. ஒரு ஓட்டம் முடியாம இன்னொண்ணுக்கு எப்படிப் பேர் குடுக்கிறது?" என்பார். பிடிவாதம் என்றார்கள். கர்வம் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? உண்மை வேறு. அந்தக் கயிறு தன்னால்தான் நின்றது என்று அவர் நம்பினார். வீசும்போது கன்றின் கழுத்தைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது என்பது தொழிலின் பாலபாடம். அவர் பெஞ்சுகளைப் பார்த்தார். யாருக்காக என்று கேட்டார். கை தட்ட ஆள் வேண்டும் என்று ஏங்கியவன் என்று தன்னைப் பற்றி நினைக்க அவருக்குக் கூசியது. அந்தக் கேள்வியை அவர் லோவீனியாவிடம்கூடச் சொல்லவில்லை. முடிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் நெஞ்சில் எலும்புத் துண்டு மாதிரி சிக்கிக்கொண்டிருந்தது. முழங்கால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்ததால், கயிறு எப்போதாவது இறங்கினால்கூட ஓடிப்போய்க் கன்றைக் கட்ட முடியுமா என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

1996இல் டாலிவர் ரோடியோ சங்கத்துக்கு ஞானம் பிறந்தது. பழைய சாம்பியன்களை எல்லாம் அழைத்துக் கௌரவிப்பது என்று முடிவு செய்தார்கள். சங்கத் தலைவர் வேறு யாருமில்லை, பாய்ட் மாடக்ஸ்தான். நாற்பத்து மூன்று வருடமாகப் பக்கிளுக்குக் காத்திருந்து, தலை வழுக்கையாகி, இரண்டு முறை மாரடைப்பு வந்து, பொறாமையெல்லாம் வற்றிப்போன பாய்ட். பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் விருந்து. புகையில் வாட்டிய மாட்டு நெஞ்சுக் கறி, பீன்ஸ், சோள ரொட்டி. ஆர்லிஸ் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு லோவீனியாவோடு வந்தார். ஹோமர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தொகுப்பாளர் வெளியூர்ப் பையன், "கேள்விகளைக் கடைசியில வச்சுக்கலாம் ஐயா" என்று அவரிடம் மூன்று முறை சொன்னான். பாய்ட் தன் கையாலேயே இரும்புப் பெட்டியைத் திறந்து அந்த வெள்ளி பக்கிளை எடுத்து, கன்றுப் பிரிவு சாம்பியன் 1953 என்று ஆர்லிஸ் பெயரைப் பொறித்து, கொண்டுவந்து நீட்டினார். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஆர்லிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால் எழுத்தைத் தடவினார். பிறகு பாய்டின் கையிலேயே திரும்ப வைத்தார்.

"அழகா இருக்கு பாய்ட். ஆனா ஓட்டம் முடியலையே. முடியாத ஓட்டத்துக்கு பக்கிள் மாட்டினேன்னா அந்தப் பதினேழாம் நம்பர்கூட என்னப் பாத்துச் சிரிக்கும்."

ஜெயிக்காத பக்கிளை இடுப்பில் மாட்டுவது அந்த ஊரில் திருட்டுக்கு அடுத்தபடி. அதனால் யாரும் வற்புறுத்தவில்லை. கறி நன்றாக இருந்ததாகப் பேசிக்கொண்டு கலைந்தார்கள்.

அன்றிரவு தனக்குத் தூக்கம் வரவில்லை என்று பாய்ட் பின்னால் சொன்னார். பக்கிளைக் கூடத்தில் கொடுத்ததுதான் தப்பு, மைதானத்தில் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. இரண்டு வருடம் கழித்து, 1998 ஜூலை நான்காம் தேதி மறுபடியும் சனிக்கிழமையில் வந்தது. அன்றைக்கென்று அவர் போட்ட திட்டம் இது: ஆர்லிஸ் டீக்கன் மேல் ஏறி, கயிற்றின் நுனியை மறுபடி சேணத்தில் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்; ஊர் அவரைக் கௌரவிக்கும்; அதற்கு மேல் கயிறு பாடு, கடவுள் பாடு. ஆர்லிஸ் இரண்டு வாரம் இழுத்தடித்தார். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்பார்களே, அந்த அலுப்பு அவருக்கு. லோவீனியாதான் சொன்னாள்:

"போய் நில்லு ஆர்லிஸ். அந்தக் கன்னுக்குட்டியாவது பெருசாகட்டும். பாவம், நாப்பத்தஞ்சு வருஷமா தாயத் தேடுது."

அன்று கேலரி நிரம்பி வழிந்தது. நான்காயிரம் பேர் என்று செய்தித்தாள் எழுதியது. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. எல்லாப் போட்டிகளும் நடந்து முடிந்து, கடைசிக் காளை கடைசி ஆளைக் கீழே தள்ளிய பிறகுதான் கௌரவிப்பு என்று நிரலில் போட்டிருந்தார்கள். அதில் ஏதும் தவறு இருப்பதாகக் கமிட்டியில் ஒருவருக்கும் படவில்லை. அறிவிப்பு மேடையில் மைக்கைப் பிடித்திருந்த பாய்ட், ஐம்பது வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாயால், காகிதத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நிகழ்ச்சி முடிஞ்சுது. எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போங்க. விருப்பம் இருக்கிறவங்க, ஒரு பழைய வீரரைக் கௌரவிக்கிறோம், இருந்து பாக்கலாம்."

ஜனங்கள் எழுந்தார்கள். தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். ஐஸ் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டார்கள். கார் கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன. ஆர்லிஸ் அதற்குள் டீக்கன் மேல் ஏறி, கொம்பில் கயிற்றைக் கட்டி, கால்கட்டுக் கயிற்றைப் பல்லில் கவ்வி, கன்றுக்குப் பின்னால் அதே இடத்தில் நின்றிருந்தார். வயது எழுபத்திரண்டு. கேலரி காலியாவதை அவர் பார்த்தார். நெடுஞ்சாலையில் புழுதி எழும்பியது. காகிதத் தட்டு ஒன்று பெஞ்சிலிருந்து உருண்டு மண்ணில் விழுந்தது. வேலியோரம் லோவீனியா, "மறுபடியுமா? அட கடவுளே, மறுபடியுமா?" என்றாள். அவள் குரல் சிரிப்பது போலத் தொடங்கி வேறு மாதிரி முடிந்தது. கயிறு மேலே அசையாமல் நின்றது.

ஆர்லிஸ் பல்லிலிருந்து சிறு கயிற்றை எடுத்தார்.

"ஹோமர்."

"சொல்லு."

"அவங்கள உக்காரச் சொல்லு."

"யார?"

"எல்லாரையும். அன்னிக்கு வீசும்போது யாருக்காகன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அதுதான் கயித்தப் பிடிச்சு வச்சிருக்கு. நான் பாக்க ஆள் வேணும்னு நெனச்சேன் ஹோமர். வெக்கமா இருந்துச்சு, யார்கிட்டயும் சொல்லல. இப்பச் சொல்றேன். எனக்கு ஆள் வேணும். உக்காந்து பாக்கட்டும்."

ஹோமர் நான்ஸ் அப்போது எண்பத்தொரு வயதுக்காரர். அவர் குதிரையை மேடையை நோக்கி விரட்டிய வேகத்தைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். "பாய்ட்! அவங்களக் கூப்பிடு!" என்று கீழிருந்து கத்தினார்.

"முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேனே ஹோமர்."

"முடியல! என் கை எங்க இருக்கு, பாரு!"

பாய்ட் கையைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார், தன் தொப்பி விழுந்த இடத்தைப் பார்த்தார். ஆர்லிஸின் கயிறு விழுந்து கன்று கட்டப்பட்டால் தனக்குப் பட்டம் என்றைக்கும் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். மைக்கை எடுத்தார். "யாரும் போகாதீங்க. தப்பாச் சொல்லிட்டேன். நிகழ்ச்சி முடியல. இன்னும் ஒரு ஆள் பாக்கி. அம்பத்தி மூணுலேர்ந்து பாக்கி. தயவு செஞ்சு திரும்பி வந்து உக்காருங்க." ஒலிபெருக்கி ஓடை வரை கேட்கும். கார் நிறுத்துமிடத்தில் என்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நெடுஞ்சாலை ஏறிவிட்ட கார்கள் புல்வெளியில் இறங்கி வட்டமடித்துத் திரும்பின. ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் நடந்து வந்தார்கள். பெஞ்சுகள் நிரம்பின, நிரம்பிய பிறகு படிகளிலும் வேலியிலும் பிக்கப் கூரைகளிலும் உட்கார்ந்தார்கள். அத்தனை பேர் அத்தனை அமைதியாக இருந்து அந்த ஊர் பார்த்ததில்லை. கத்திரிவால் குருவிகள் வளையத்தை விட்டு எழுந்து போயின.

வளையம் லேசாக நடுங்கியது. பிறகு, நடுவில் ஒன்றுமே நடக்காதது போல, இறங்கியது.

கன்று பாய்ந்தது. சுருக்கு அதன் கழுத்தில் விழுந்து இறுகியது. டீக்கன் பின்னங்கால்களில் அமர்ந்து கயிற்றை விறைப்பாகப் பிடித்தது. ஹோமரின் கடிகாரத்தில் மூன்றரையில் துடித்துக்கொண்டிருந்த முள் நகர்ந்தது. ஆர்லிஸ் குதித்தார், இடது முழங்கால் மடங்கி மண்ணில் கை ஊன்றினார். நான்காயிரம் பேரும் ஒரே மூச்சை உள்ளே இழுத்த சத்தம் அவருக்குக் கேட்டது. அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் என்று அவரே சொன்னார். நொண்டி ஓடினார். அது ஓட்டமா நடையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கயிறு நெடுக ஒரு கையை ஓட்டிக்கொண்டே கன்றை அடைந்தார். விலாவையும் காலையும் பிடித்துத் தூக்கினார். தூக்க முடியவில்லை. இன்னொரு முறை முயன்றார், கன்று புரண்டது. மூன்று கால்கள். இரண்டு சுற்று, ஒரு இழுப்பு. கைகள் இரண்டும் மேலே போயின.

ஹோமர் நான்ஸின் வலது கை கீழே வந்தது. கதவு சாத்துவது போல, அவ்வளவு எளிதாக. கொடி சேணத்தில் பட்டு விழுந்தது. அவர் கடிகாரத்தை மேடைக்கு நீட்டினார். விதிப்படி கன்று ஆறு வினாடி கட்டிலேயே கிடக்க வேண்டும். நான்காயிரம் பேரும் உதட்டுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். அது கிடந்தது.

"பத்தொம்பது புள்ளி ரெண்டு வினாடி," என்றார் பாய்ட் மைக்கில். "கன்றுப் பிரிவு சாம்பியன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தி மூணு, சாங்கோவைச் சேர்ந்த ஆர்லிஸ் புரூனர். என்னை விடப் புள்ளி எட்டு வினாடி கம்மி. அதாவது ஒரு வினாடில பத்துல எட்டுப் பங்கு. அவ்வளவுதான் ஜனங்களே, ஆனா ஜெயிச்சுட்டாரு."

கை தட்டல் எவ்வளவு நேரம் நீடித்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஹோமர் கடிகாரத்தை நிறுத்தியிருந்தார். பாய்ட் மேடையிலிருந்து இறங்கி வந்து பக்கிளை ஆர்லிஸின் பெல்ட்டில் தானே மாட்டினார். லோவீனியா பெல்ட்டைப் பிடித்துக்கொடுத்தாள். ஆர்லிஸ் கன்றின் கட்டை அவிழ்த்தார். அது எழுந்து உதறிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், திறந்திருந்த வாசல் வழியாக மேய்ச்சல் நிலத்துக்குப் போயிற்று. கிறிஸ்துமஸுக்குள் அதற்குக் கொம்பு முளைத்தது. டீக்கனின் மூக்கைச் சுற்றி நரை விழுந்தது.

ஆனால் அன்று மாலை ஒரு சிக்கல் இருந்தது. கூட்டம் நகரவில்லை. கை தட்டி ஓய்ந்த பிறகும் ஜனங்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். தவறாக ஒருமுறை எழுந்துவிட்டவர்கள் இனிமேல் சொல்லாமல் எழுந்திருப்பதில்லை என்று வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. சூரியன் வேலிக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. பாய்ட் மறுபடி மேடையேறி மைக்கைப் பார்த்தார். அந்த வாக்கியத்தைத் தன் வாயால் இன்னொரு முறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நீளமான ஒயரைத் தளர்த்தி மைக்கைக் கீழே கொண்டுவந்து ஆர்லிஸின் கையில் கொடுத்தார்.

ஆர்லிஸ் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் புரட்டினார். பெஞ்சுகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். அவசரப்படாமல், ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியதை அவர் துடைக்கவில்லை.

"நிகழ்ச்சி முடிஞ்சுது," என்றார். "எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போங்க."

அப்போதுதான் எழுந்தார்கள். ஹோமர் நான்ஸ் வலது கையால் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, லோவீனியா கொண்டுவந்திருந்த பீச் பலகாரத்தில் தன் பங்கைக் கேட்டார்.